இரு கால்களின் நீள வித்தியாசத்தைப் படமெடுத்து அளக்கும் முறை

தங்கச்சிமடத்திலிருந்து ஒன்பது வயது மகனை அழைத்துவந்த ஒரு தாய், "சார், மணல்ல நடக்கிறப்பத் தெரியலை, பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையிலதான் பிள்ளை சாஞ்சு சாஞ்சு நடக்குறான்" என்று சொன்னார். கால் நீள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. கடற்கரை மணல் குதிகாலுக்கு இடம் கொடுத்து உள்வாங்கிக்கொள்வதால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் அதில் மறைந்துபோகிறது. கெட்டியான தரையில் இடுப்பு ஒரு பக்கம் இறங்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது. அந்தத் தாயின் கையில் வேறோர் ஊரில் எடுத்த படமும், இடது கால் 3.2 செ.மீ. குட்டை என்ற அறிக்கையும் இருந்தன. அந்த அளவு தவறு என்பதையும், ஏன் தவறு என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே, சி.டி. அறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தில், இத்துறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கையருக்காகவும், படம் எடுக்க வரும் குடும்பத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன். கால் நீளத்தை அளக்கும் படத்தில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, நோயாளியை நிறுத்தும் விதத்திலும் படுக்கவைக்கும் விதத்திலும் நேர்ந்துவிடுகின்றன. கணினியில் எவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்டாலும் அவற்றைப் பிறகு சரிசெய்ய இயலாது.

படத்துக்கு முன்

கால் குட்டையாகத் தெரிவதெல்லாம் எலும்பு குட்டையானதால் அல்ல. இடுப்பு மூட்டு உட்பக்கமாக இறுகியிருந்தாலும், முதுகெலும்பு வளைந்து இடுப்பெலும்பு ஒரு பக்கம் தூக்கியிருந்தாலும், எலும்புகளின் நீளம் சமமாக இருக்கும்போதே ஒரு கால் குட்டையாகத் தோன்றும். எனவே முதலில் அளவு நாடா. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்புறம் கையில் தட்டுப்படும் முனையிலிருந்து கணுக்காலின் உட்புறம் புடைத்து நிற்கும் எலும்பு வரை அளந்தால் உண்மை நீளமும், தொப்புளிலிருந்து அதே கணுக்கால் எலும்பு வரை அளந்தால் தோற்ற நீளமும் கிடைக்கும். முதல் அளவு இருபக்கமும் சமமாக வந்து இரண்டாவது மட்டும் வேறுபட்டால், எலும்பைவிட இடுப்பையும் முதுகையும்தான் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். நாடா அளவில் ஒரு சென்டிமீட்டர் வரை எளிதாகத் தவறலாம் என்பதால் அதை முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆனால் எந்தப் படத்தை எப்படி எடுப்பது என்று தீர்மானிக்க அது போதும்.

காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் எந்த இடத்தைப் படத்தில் விடாமல் சேர்க்க வேண்டும் என்பதைக் காரணமே சொல்லும். இந்தக் கரையில் நடுவயதைத் தாண்டியவர்களில் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவர்கள் இன்னும் வருகிறார்கள். இந்தியாவில் இயற்கை வகைப் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27-இல் நம் நாடு போலியோ இல்லாத நாடாகச் சான்றளிக்கப்பட்டது. ஆகவே குழந்தைகளிடம் இப்போது நாம் காணும் காரணங்கள் வேறு: கைக்குழந்தைப் பருவத்தில் இடுப்பு மூட்டில் சீழ் பிடித்தது, பிறவியிலேயே மூட்டு நழுவியிருந்தது, எலும்பு முறிந்தபோது, அதன் முனையில் நீள்வளர்ச்சி நடக்கும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டு நசுங்கியது போன்றவை. பெரியவர்களிடம், முறிந்த எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேர்ந்துவிட்டதால் வந்த குறைவு அதிகம்.

சாயல்குடிப் பக்கத்துப் பனையேறிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்திலிருந்து விழுந்து குதிகாலில் இறங்கியவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கி, பாதத்தின் உயரமே குறைந்துவிடுகிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மட்டும் அளந்து "இரண்டும் சமம்" என்று அறிக்கை கொடுத்தால், அவர் நடக்கும்போது உணரும் குறைவு அதில் எங்கும் இருக்காது. இப்படிப்பட்டவருக்கு நின்ற நிலையில், பாதம் தரையைத் தொடும் இடம் வரை தெரியும்படி படம் எடுக்க வேண்டும்.

காலடிப் பலகை

நின்று எடுக்கும் படத்தில் குட்டையான காலுக்கு அடியில் பலகை வைத்து இடுப்பைச் சமப்படுத்துவதைத்தான் நான் முதல் வேலையாகக் கருதுகிறேன். பலகை வைக்காமல் நிறுத்தினால், நீளமான காலின் முழங்காலை மடக்கியோ குட்டைக் காலின் குதியைத் தூக்கியோ நோயாளி தாமாகவே இடுப்பைச் சரிசெய்துகொள்வார். பல ஆண்டுகளாக உடல் பழகிக்கொண்ட வழக்கம் அது. "நேராக நில்லுங்கள்" என்று சொல்வதால் மாறாது.

என்னிடம் இருக்கும் பலகைகளை மண்டபத்தில் படகு கட்டும் ஆசாரி ஒருவர் இழைத்துக் கொடுத்தார். 5 மி.மீ., 1 செ.மீ., 2 செ.மீ. என மூன்று கனங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு, ஒரு முழுப் பாதம் குதிகாலோடு அடங்கும் அகலம். பலகையின் ஓரத்தில் அதன் கனத்தை எழுதிவைத்திருக்கிறேன். கடற்காற்றின் ஈரத்தில் ஒட்டுப்பலகை ஊதிவிடுவதைப் பார்த்த பிறகு, எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்து, அவ்வப்போது வெர்னியரில் அளந்து எழுத்தைத் திருத்துகிறேன். நோயாளி நிற்கும் தரையையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் வழிந்தோட வாட்டம் விட்டுப் பூசிய தரையில், இரு பாதங்களுக்கும் இடையே சில மில்லிமீட்டர் சரிவு இருப்பது அபூர்வம் அல்ல.

நோயாளிக்குப் பின்னால் அமர்ந்து, இரு கட்டைவிரல்களையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, விரல்கள் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பலகையைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். இந்த நிலையில் வைத்த பலகையின் கனமே ஓர் அளவு, அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தில் வரும் எண்ணும் இதுவும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும்.

அணிகலன்களைக் கழற்றச் சொல்வதில் கூச்சப்படக் கூடாது. கொலுசு கணுக்கால் மூட்டின் மீதே விழுந்து, அளவின் கீழ்ப்புள்ளியை மறைத்துவிடும். வெள்ளி அரைஞாண் இடுப்பெலும்பின் மேல் விழும். தாயத்தும் தகடும் நம்பிக்கையோடு கட்டப்பட்டவை என்பதால், ஏர்வாடியில் கட்டியதானாலும் ராமேஸ்வரத்தில் கட்டியதானாலும், பெரியவர்களிடம் காரணத்தைச் சொல்லி, சற்று மேலே ஏற்றிக் கட்ட அனுமதி கேட்பதே முறை. கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் பெண்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாமும் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும்.

நின்ற நிலைப் படம்

முழுக் காலும் ஒரே பார்வையில் விழ வேண்டுமானால் எக்ஸ்ரே குழாய் தொலைவில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சுமார் 3 மீட்டர். அறை சிறிதாக இருப்பதால் 180 செ.மீ. தூரத்திலேயே எடுத்துவிடும் இடங்கள் உண்டு. அதனால் என்ன கெடுகிறது என்பதைக் கணக்காகவே காட்டிவிடலாம். எலும்பு, படத்தகட்டிலிருந்து 15 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று கொள்வோம். குழாய் 300 செ.மீ. தொலைவில் இருந்தால், 300-ஐ 285-ஆல் வகுக்க, உருவம் ஏறக்குறைய 5 சதவீதம் பெருக்கமாக விழும், 180 செ.மீ. என்றால் 180-ஐ 165-ஆல் வகுக்க, 9 சதவீதம். இரு கால்களும் ஒரே அளவு பெருகும்போது, 3 செ.மீ. வித்தியாசம் 3.15 அல்லது 3.27 எனத் தெரியும். அது பெரிய தவறல்ல. ஆனால் நோயாளி சற்றுத் திரும்பி நின்று, ஒரு கால் மற்றதைவிட 2 செ.மீ. முன்னால் வந்துவிட்டால், 80 செ.மீ. நீளமுள்ள சமமான இரு கால்களுக்கிடையே 300 செ.மீ. தூரத்தில் சுமார் 6 மி.மீ., 180 செ.மீ. தூரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமான பொய் வித்தியாசம் தோன்றிவிடும். அறை சிறியதென்றால், நோயாளி திரும்பாமல் நிற்பதில் இரட்டிப்புக் கவனம் தேவை என்பதே இதன் பொருள்.

திரும்பாமல் நிற்பது என்பதற்கு அடையாளம், இரு முழங்கால் சில்லுகளும் நேராக முன்னால் பார்ப்பது. பாதங்களின் திசையைப் பார்த்து நிறுத்தக் கூடாது. கால் எலும்பு முறுக்கியிருப்பவருக்குப் பாதம் வெளிப்பக்கம் போயிருந்தாலும் சில்லு முன்னால் இருக்கலாம். எடுத்த படத்தில் சில்லு, தொடை எலும்பின் கீழ்முனைக்கு நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, விழவில்லையென்றால் காரணத்தை அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

பெருக்கத்தைக் கழிக்க, எலும்பு இருக்கும் அதே ஆழத்தில் 25 மி.மீ. எஃகு உருண்டை ஒன்றை, தொடையின் உட்பக்கத்திலோ முழங்காலுக்குப் பக்கவாட்டிலோ ஒட்டிவைக்க வேண்டும். படத்தில் அது 26.3 மி.மீ. என்று வந்தால், எல்லா நீளங்களையும் 1.052-ஆல் வகுத்தால் போதும். தொடையின் முன்புறத்தில் ஒட்டினால் உருண்டை எலும்பைவிட அதிகமாகப் பெருகிவிடும். கணக்கு மறுபக்கம் தவறும். உருண்டை இல்லாத இடத்தில் 27 மி.மீ. விட்டமுள்ள 10 ரூபாய் நாணயத்தை ஒட்டியும் வேலையை முடிக்கலாம். நாணயம் சாய்ந்திருந்தால் முட்டை வடிவில் விழும். அப்போதும் அதன் மிக நீளமான விட்டத்தை அளந்தால் சரியாக இருக்கும்.

இப்போதைய கருவிகளில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் என மூன்று படங்களை எடுத்து மென்பொருள் ஒன்றாகத் தைக்கிறது. தையல் விழும் இடத்தில் எலும்பின் விளிம்பு படிக்கட்டுபோல் விலகியிருக்கிறதா, பின்னால் நிறுத்திய அளவுகோலின் எண்கள் விடுபடாமல் தொடர்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நான் வேலைக்கு வந்த புதிதில், முதியவர் ஒருவர் இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் இடையில் களைப்பால் காலை மாற்றி ஊன்றியதைக் கவனிக்காமல் படத்தைக் கொடுத்துவிட்டேன். அளவு ஒன்றரை சென்டிமீட்டர் தவறிப்போய், அவரை மறுபடியும் வரவழைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கைப்பிடி இல்லாமல் யாரையும் நிறுத்துவதில்லை. மூன்று படமும் முடியும்வரை நோயாளியின் பாதங்களிலிருந்து கண்ணை எடுப்பதும் இல்லை.

முழங்கால் நீளாதவர்களுக்கு

இனி அந்தச் சிறுவனின் கதைக்கு வருகிறேன். ஆறு வயதில் கரையேற்றி வைத்திருந்த வள்ளத்திலிருந்து சறுக்கி விழுந்து, இடது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டாலும் முழங்கால் முழுதாக நீளவில்லை. ஏறக்குறைய 30 பாகை மடங்கியே நின்றது. மடங்கிய காலை முன்பக்கத்திலிருந்து படமெடுத்தால், தொடையும் கீழ்க்காலும் ஆளுக்குச் சுமார் 15 பாகை சாய்ந்து, உண்மை நீளத்தைவிடக் குறைவாகவே நிழல் விழும். அவனுடைய காலில், இரண்டும் சேர்ந்து 60 செ.மீ. அளவுக்கு, அந்தச் சாய்வு மட்டுமே 2 செ.மீ. குறைவைக் காட்டிவிடும். எலும்புகளைத் தனித்தனியே அளந்து கூட்டினாலும் இந்தப் பிழை தீராது, ஏனெனில் ஒவ்வோர் எலும்பும் தனித்தனியாகவே சாய்ந்திருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு சி.டி. ஸ்கேனோகிராம் சிறந்த வழி. இதில் முழு சி.டி. ஸ்கேன் எடுப்பதில்லை. ஸ்கேனுக்கு முன் இடம் பார்ப்பதற்காக எடுக்கும் நீண்ட முன்னோட்டப் படத்தையே, இடுப்பு மூட்டு முதல் கணுக்கால் வரை ஒரே ஓட்டத்தில் எடுத்து, அதன்மேல் அளக்கிறோம். கதிர்வீச்சு மிகக் குறைவு. சில விநாடிகளில் முடிவதால் குழந்தை அசைவதற்குள் வேலை ஆகிவிடும். கால் மடங்கியிருந்தால் பக்கவாட்டிலிருந்தும் ஒரு முன்னோட்டப் படம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது, மடங்கிய நிலையிலும் ஒவ்வோர் எலும்பும் தன் முழு நீளத்தில் தெரியும். அச்சிறுவனுக்கு அவ்வாறு எடுத்து அளந்தபோது, உண்மையான குறைவு 1.2 செ.மீ. மட்டுமே. அறுவை சிகிச்சையால் எலும்பை நீட்டுவதா என்று அஞ்சி வந்த குடும்பத்திடம், முழங்காலை நீட்டுவதற்கான பயிற்சியை முதலில் தொடங்கலாம் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அந்தத் தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையனின் காலை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்த காட்சி இப்போதும் என் கண்முன் நிற்கிறது.

சி.டி. முறையில் ஒரு குறை உண்டு. நோயாளி படுத்திருப்பதால், உடல் எடை இறங்கும்போது முழங்கால் எவ்வளவு விலகுகிறது, பாதம் எவ்வளவு தட்டையாகிறது என்பவை தெரியா. ஆகவே வளைந்த கால்களுக்கும் பாதக் குறைவுக்கும் நின்ற படமும், மடங்கிய கால்களுக்கு சி.டி.யும் என்று பிரித்துக்கொள்கிறேன். நின்ற நிலையில் முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே நேரத்தில், மிகக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் இ.ஓ.எஸ். என்ற கருவியும் உண்டு. 1992-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கின் துகள் உணர்விகளிலிருந்து பிறந்தது அது. நம் பக்கத்துச் சிறு ஸ்கேன் மையங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லையென்றாலும், நீளத்தை அளப்பதற்காக மட்டும் அதை எடுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நேரமும் செலவும் அதிகம், குழந்தை அசையாமல் கிடப்பதும் கடினம்.

கோடு போடுதலும் அறிக்கையும்

தொடை எலும்பை அதன் பந்துமுனையின் உச்சியிலிருந்து, முழங்காலில் உட்புறக் குமிழின் அடிவிளிம்பு வரை அளக்க வேண்டும். டிபியா என்னும் கீழ்க்கால் பெரிய எலும்பை, அதன் மேல்தளத்தின் உட்புறத்திலிருந்து கணுக்கால் மூட்டுக் கூரையின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். மூன்றாவதாக, பந்துமுனையின் உச்சியிலிருந்து கணுக்கால் நடுப்புள்ளி வரை முழுநீளம். ஒரு பக்கத்தில் எந்தப் புள்ளியை எடுத்தோமோ, மறுபக்கத்திலும் அதே புள்ளியையே எடுப்பது அவசியம். பந்துமுனை தேய்ந்தோ கரைந்தோ போயிருந்தால், எந்த இடத்திலிருந்து அளந்தோம் என்பதை எழுத்தில் குறிப்பிட வேண்டும். ஒருவர் அளந்ததை இன்னொருவர் அவர் எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளப்பது நல்ல வழக்கம். ஆளில்லாவிட்டால், ஒரு மணி நேரம் கழித்து நாமே அளக்கலாம்.

அறிக்கையில் ஒரே எண்ணை எழுதி நிறுத்தக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு: வலது தொடை எலும்பு 41.2 செ.மீ., இடது 39.6, வலது டிபியா 33.4, இடது 33.1, முழுநீளம் வலது 75.1, இடது 73.2. இதிலிருந்து மொத்தக் குறைவு 1.9 செ.மீ. என்பதும், அதில் 1.6 செ.மீ. தொடையிலேயே இருக்கிறது என்பதும் மருத்துவருக்கு ஒரே பார்வையில் விளங்கும். இதோடு, இடது காலடியில் 2 செ.மீ. பலகை வைத்து இடுப்பு சமமாக நின்றது, முழங்கால்கள் நேராக இருந்தன, பெருக்கம் கழிக்கப்பட்டது என்ற மூன்று வாக்கியங்களையும் சேர்க்க வேண்டும். பலகையின் கனமும் அளந்த குறைவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முரண்பட்டால், பாதம், இடுப்பெலும்பு, முதுகு ஆகிய மூன்றில் ஒன்று நம் கணக்கில் வராமல் நிற்கிறது என்று பொருள். அல்லது நாம் எங்கோ தவறிவிட்டோம்.

வளரும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு படத்தால் முடிவு கட்ட முடியாது. காலின் வளர்ச்சியில் பெரும்பங்கு முழங்காலைச் சுற்றித்தான் நடக்கிறது: தொடை எலும்பின் கீழ்முனை ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மி.மீ., டிபியாவின் மேல்முனை 6 மி.மீ. என்பது வழக்கமான கணக்கு. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 16 வயதிலும் இது நின்றுவிடும். எனவே ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை, அதே முறையில் அளந்து, குறைவு கூடுகிறதா அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை நின்ற படம், மறுமுறை சி.டி. என்று மாற்றி மாற்றி எடுத்தால், வளர்ச்சியையும் முறை மாறியதால் வந்த வேறுபாட்டையும் பிரித்தறிய முடியாமல் போகும். எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் எலும்பு வயதைப் பார்க்க மருத்துவர் இடது கையின் எக்ஸ்ரே ஒன்றையும் கேட்கலாம்.

அளவு கிடைத்த பின்

ஒரு சென்டிமீட்டர்வரை வித்தியாசம் பலருக்கும் உண்டு; பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். 2 செ.மீ.க்கு உட்பட்டதற்குப் பொதுவாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அல்லது செருப்பில் உயரம் சேர்த்தால் போதும். 2 முதல் 5 செ.மீ. வரை வரும் என்று கணிக்கப்படும் பிள்ளைகளுக்கு, நீளமான காலின் வளர்ச்சித் தட்டை உரிய வயதில் நிறுத்தும் சிறிய அறுவையும், அதற்கு மேற்பட்டதற்கு எலும்பை வெட்டி நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டும் இலிசாரவ் வழியும் பேசப்படும். இந்த எல்லைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு அரை சென்டிமீட்டர் பிழை எவ்வளவு பெரியது என்பதை அளப்பவர் மறக்கக் கூடாது.

செருப்பைப் பற்றி மருத்துவரிடம் நம் ஊர்க்காரர்கள் தாமாகவே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வள்ளத்தில் ஏறுபவரும், இடுப்பளவு நீரில் வலை இழுப்பவரும், பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களும் வேலை நேரத்தில் செருப்பு உயர்த்திய காலோடு இருப்பதில்லை. நாளில் எத்தனை மணி நேரம் வெறுங்காலோடும், எத்தனை மணி நேரம் கெட்டித் தரையிலும் நிற்கிறீர்கள் என்று சொன்னால், அதே அளவுக்கு வேறொரு வழியை அவர் யோசிக்கக்கூடும். இளம்பிள்ளைவாதக் காலுக்கு இன்னொரு நுட்பம்: முழங்காலைப் பூட்டிய காலிப்பருடன் (காலைத் தாங்க அணியும் சட்டம்) நடப்பவருக்கும் பாதத்தைத் தூக்க முடியாதவருக்கும், கால் தரையில் இடறாமல் வீசி வர ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் குறைவாகவே இருப்பது உதவியாக இருக்கும். முழுதும் சமப்படுத்தும்படி கேட்பதற்கு முன் இதை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

படத்தை வாங்கும்போது குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ அசல் கோப்பாகக் கேட்டு வாங்கி, பெயரும் தேதியும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஒளிப்பெட்டியில் மாட்டிய படத்தைக் கைபேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முறிவு இருக்கிறதா என்று பார்க்க அது உதவலாம். ஆனால் கைபேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே இருபக்க அளவும் மாறிவிடுவதால், அதன்மேல் நீளத்தை அளக்க முடியாது. அடுத்த முறை மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ போகும்போது பழைய படங்கள் அனைத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள்; முந்தைய படம் எந்த முறையில், எத்தனை சென்டிமீட்டர் பலகை வைத்து எடுக்கப்பட்டது என்பதை எக்ஸ்ரே அறையில் இருப்பவரிடம் படம் எடுப்பதற்கு முன்பே காட்டுங்கள்.